உப்பு அறையின் ஜன்னல்

டெல்பினுக்குக் கடல் ஒன்றும் புதிதல்ல. பிறந்து பத்து வருடமாக அதைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். ஆனாலும் அவள் பார்க்காத கடல் ஒன்று இருந்தது. அது அவளுடைய அப்பா பார்க்கிற கடல்.

அப்பா ரெக்சன் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். ஜனவரியில் போனவர், மாதா கோயில் திருவிழாவுக்கு வந்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். திருவிழா வந்தது, கொடியும் இறங்கியது, அப்பா வரவில்லை. இன்னும் மூன்று மாதம் ஆகுமாம்.

"கப்பல்ல இருந்து பாத்தா என்னப்பா தெரியும்?" என்று போனில் கேட்டாள்.

"ஒண்ணுமே தெரியாது மக்களே. தண்ணியும் வானமுந்தான்."

ஒன்றுமே இல்லாத கடலா? டெல்பினுக்குப் பிடிபடவில்லை. தூத்துக்குடியில் கடலைப் பார்த்தால் கூடவே படகு தெரியும், கிரேன் தெரியும், புகைபோக்கி தெரியும், முயல் தீவு தெரியும். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். கையைக் குழல்போல் குவித்துப் பார்த்தாள். அப்போதும் எங்கிருந்தாவது ஒரு படகு வந்து மூக்கை நுழைத்தது.

அந்த வாரம் பள்ளியில் ஒரு துண்டுத்தாள் கொடுத்தார்கள். கடற்கரைச் சாலையில் இருக்கும் உப்பு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிட்டங்கியில் கலைக் கண்காட்சி நடக்கிறதாம். 'வெள்ளை அறை. உள்ளே வந்து ஜன்னல் முன் நில்லுங்கள். கடலும் வானமும் தவிர வேறெதுவும் தெரியாது' என்று அதில் போட்டிருந்தது. டெல்பின் அதை ஏழெட்டு முறை படித்தாள்.

அம்மா விஜிலாவை நச்சரித்து, சனிக்கிழமை காலையில் கூட்டிக்கொண்டு போய்விட்டாள்.

"அரை மணி நேரந்தான். நண்டு வாங்கி வச்சிருக்கேன், போய்ச் சமைக்கணும்" என்றாள் அம்மா.

வெள்ளை அறையின் தரை முழுவதும் கணுக்கால் உயரத்துக்கு உப்பு பரப்பியிருந்தது. வாசலில் நின்றால் ஜன்னல் தெரியவில்லை. நடுவில் ஒரு சுவர் மறைத்தது. உள்ளே நடந்து போய்த் திரும்ப வேண்டும்.

டெல்பின் செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தூக்கினாள்.

"ஏளா! உப்பையா மிதிக்கப் போற?"

அம்மா தோளைப் பிடிப்பதற்கு முன்பே டெல்பினின் கால் தானாகப் பின்னால் வந்துவிட்டது. உப்பை மிதிக்கக் கூடாது என்பது அந்த ஊரில் தவழும் பிள்ளைக்கும் தெரியும். பின்னால் வந்த இரண்டு பேரும் செருப்பைக் கழற்றினார்கள், எட்டிப் பார்த்தார்கள், "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

அறையை உருவாக்கிய இந்துமதி சென்னையிலிருந்து வந்தவர். வாசலுக்கு வெளியே ஒரு மூலையில் சோர்ந்துபோய் உட்கார்ந்திருந்தார். எழுந்து காவலாளியைக் கூப்பிட்டார்.

"அய்யாக்குட்டி அண்ணாச்சி, இந்த ரூமை மூடிடலாம். நாலு நாளா ஒருத்தர்கூட உள்ளே போகல. மிச்சம் இருக்கிற நாற்காலியை எல்லாம் இதுக்குள்ளே அடுக்கிடுங்க."

டெல்பினுக்குத் திக்கென்றது. மூடிவிட்டால் அந்தக் கடல்?

அய்யாக்குட்டி நாலு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாசலோடு நின்றுவிட்டார்.

"ஏன் நிக்கிறீங்க?"

"உள்ள எப்படிம்மா போக? உப்புல்லா கெடக்கு."

"அது மேலேயே நடந்து போங்க."

"உப்ப மிதிச்சா?" சோற்றுத் தட்டை மிதிக்கச் சொன்னதுபோல அவர் முகம் மாறியது.

இந்துமதி விழித்தார். "உப்பளத்தில் எல்லாரும் உப்பு மேலதானே நடக்கிறாங்க?"

"அளத்துல மிதிக்கது வேலைம்மா. நீங்க வாசல் வச்சு, ஜன்னல் வச்சு, வீடு மாதிரில்லா கட்டியிருக்கீங்க. வீட்டுக்குள்ள மிதிக்கலாமா?"

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க கேக்கலையே."

இந்துமதி தலையில் கை வைத்துக்கொண்டார். டெல்பின் மெல்ல அவர் பக்கத்தில் போனாள்.

"அக்கா, மூடிராதீங்க. எங்கப்பா கப்பல்ல இருந்து பாக்குற கடல் அங்கன இருக்கு. நான் அதப் பாக்கணும்."

"உப்பை மிதிக்க மாட்டீங்களே, எப்படிப் பார்ப்பே?"

டெல்பின் யோசித்தாள். "ரெண்டு பக்கமும் ஒதுக்கிட்டா தரையில நடக்கலாம்லா? ஒத்தக் கால் வைக்க இடம் இருந்தாப் போதும்."

இந்துமதி அந்த வெள்ளைத் தரையையே பார்த்தார். "ஒரு கோடுகூட விழாம இதைப் பரப்ப எனக்கு ரெண்டு நாள் ஆச்சு." பிறகு, "சரி, ஆரம்பி" என்றார்.

டெல்பின் வாசலில் குந்தி, இரண்டு கைகளாலும் உப்பை ஒதுக்கினாள். விரலில் இருந்த கீறலில் பட்டுச் சுரீரென்று எரிந்தது. விடவில்லை.

"நகருளா. நீ ஒதுக்கி முடிக்கதுக்குள்ள விடிஞ்சிரும்" என்று அம்மா சேலையைத் தூக்கிச் செருகினாள். அய்யாக்குட்டி ஒரு பலகையோடு வந்தார். இந்துமதியும் குனிந்தார். வெள்ளைக்கு நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை சுவர்வரை போய்த் திரும்பியது.

"நீதான் முதல்ல போகணும்" என்றார் இந்துமதி.

டெல்பின் நடந்தாள். திரும்பினாள். ஜன்னல்.

தண்ணீர். அதற்கு மேலே வானம். வேறொன்றும் இல்லை. துறைமுகம், தீவு, புகைபோக்கி எல்லாவற்றையும் ஜன்னலின் இரு பக்கச் சுவர் மறைத்துவிட்டது. ஏதாவது படகு வரும் என்று காத்திருந்தாள். எதுவும் வரவில்லை.

ரொம்பச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தாள். ஆனால் சந்தோஷம் வரவில்லை. காலையில் எழுந்தால் அப்பாவுக்கு இதுதான் தெரியும். சாயங்காலமும் இதுதான். இத்தனை பெரிய இடத்தில் அவருக்குத் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. அப்பா இப்போதே வந்துவிட வேண்டும் போல இருந்தது. "அப்பா" என்று சத்தமில்லாமல் கூப்பிட்டாள்.

"போதும், வாளா. நண்டு கெட்டுரும்" என்று சொல்லிக்கொண்டே வந்த அம்மா, ஜன்னலைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினாள்.

"அப்பா பாக்குறது இதாம்மா" என்றாள் டெல்பின்.

திருவிழா அன்றைக்குக்கூடக் கண் கலங்காத அம்மா, ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றாள். டெல்பின் ஒதுங்கி, அவளுக்கு இடம் விட்டாள்.

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பாதையைக் கண்டு ஏழெட்டுப் பேர் செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்றார்கள்.

"என்ன, வரிசை நகரவே இல்லையே?" என்றார் ஒருவர்.

டெல்பின் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிவந்தாள். பாதையின் நடுவில் நின்று இரண்டு கைகளையும் விரித்தாள்.

"கொஞ்சம் பொறுங்க. எங்கம்மா இன்னும் பாத்து முடிக்கல."