சும்மா இருக்கும் நேரம்

தண்ணீர் ஆறிப்போயிருந்ததை வைத்துத்தான் மிருதுளாவுக்கு விஷயமே புரிந்தது.

மகனைக் குளியல் தொட்டியில் உட்கார வைத்தபோது தண்ணீர் இதமான சூட்டில் இருந்தது. ஒன்றரை வயது மகிழ் வாத்துப் பொம்மையை அடித்து விளையாடுவதைச் சிரித்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். காதுக்குப் பின்னால் சில்லென்றது. அடுத்த நொடி என்று அவள் நினைத்தபோது தண்ணீர் பச்சைத் தண்ணீராகியிருந்தது. மகிழ் ஒருக்களித்துச் சரிந்து, மூக்குக்கு விரற்கடை கீழே நீர் தளும்ப, குரல் கம்மிப்போய் அழுதுகொண்டிருந்தான்.

இடைநேரி அவளை எடுத்துக்கொண்டு போயிருந்தது.

அரிசி அளவே உள்ள அந்தக் கருவி இப்போது வேலை பார்க்கிற எல்லார் காதுக்குப் பின்னாலும் தோலுக்கடியில் இருக்கிறது. அலுவலகம் ஒழிந்தது, வேலைநேரமும் ஒழிந்தது. நீங்கள் சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் அது உங்கள் மூளையை நிறுவனத்துக்கு இரவல் கொடுக்கும். வரிசையில் நிற்கும்போதும் தலை உலர்த்தும்போதும் மிருதுளா கப்பல் சரக்குகளின் சேதப் புகார்களைத் தீர்த்துவைத்தாள். என்ன தீர்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. எடுத்த வேலை முடிந்தால்தான் ஆள் திரும்பிவர முடியும். அதுவரை உலுக்கினாலும் பயனில்லை. நோகாமல் வேலை நடக்கிறதே என்று ஊரே வாயைப் பிளந்தது. ஒருவர் எப்போது சும்மா இருக்கிறார் என்பதைக் கருவிதான் தீர்மானித்தது. மனம் எதையும் முடிவெடுக்காத நேரமெல்லாம் அதற்குச் சும்மாதான். பெற்ற பிள்ளையை ரசிப்பதும் அதில் சேர்த்தி என்பதை எவரும் யோசிக்கவில்லை.

குழந்தையைத் துண்டில் சுருட்டிக்கொண்டு கூடத்துக்கு ஓடினாள். சோபாவிலிருந்த கணவன் பிரணேஷ் பதறி எழுந்தான்.

“ஏங்க, இன்னிக்கே இதை நிறுத்திரலாங்க. புள்ளையத் தொட்டில வெச்சுட்டு நான் வேலைக்குப் போயிட்டேன்!”

“கொஞ்ச நேரந்தான இருக்கும்?”

“தண்ணி ஆறிப்போச்சுங்க!”

“அவசரப்படாத கண்ணு. மறுபடியும் காத்தால கெளம்பி, பஸ்ஸுல தொங்கிட்டு ஆபீஸ் போகச் சொல்றயா?”

அவள் மகிழின் நீலம் பாரித்த விரல்களை எடுத்துக் கணவன் கன்னத்தில் வைத்தாள். பிரணேஷின் முகம் வெளிறியது.

“செரி, நிறுத்திரலாம்.”

சலுகைகள் அதிகம் என்று கணவனும் மனைவியும் இணைப்பதிவு செய்திருந்தார்கள். அதை முறிக்க இருவரும் ஒரே சமயத்தில் காதுக்குப் பின்னால் அழுத்தி, “போதும்” என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேலை.

“அழுகாத. மொதல்ல என்ன ஆச்சுன்னு முழுசாச் சொல்லு. அப்பறம் சேர்ந்து அழுத்தலாம்.”

பாவம், அவன் அன்பாகத்தான் கேட்டான். அவள் தேம்பித் தேம்பிச் சொன்னாள். அவன் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் சொன்னதை அவன் இவ்வளவு பொறுமையாகக் கேட்டதே இல்லை.

“இப்ப அழுத்தலாங்க.”

அவன் கை எழவில்லை. அவன் கண்கள் அவள் முகத்திலேயே நிலைத்திருந்தன. தொடைமேல் விரல்கள் தட்டச்சு செய்வதுபோல் மெல்ல அசைந்தன.

மனைவி சொல்வதைக் கேட்பதும் சும்மா இருப்பதுதானாம்.

அவள் அவனை உலுக்கினாள், கன்னத்தில் அறைந்தாள், பெயரைச் சொல்லிக் கத்தினாள். அவனாகத் திரும்பும்வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

காத்திருப்பதா? அதைவிடச் சும்மா வேறென்ன இருக்கிறது?

மனத்தைச் சும்மா விடக்கூடாது. மகனை மடியில் இறுக்கிக்கொண்டு பதினாறாம் வாய்ப்பாட்டை உரக்கச் சொல்லத் தொடங்கினாள்.

“பதினாறு, முப்பத்திரெண்டு, நாப்பத்தெட்டு…”

பள்ளிக்கூடத்தில் உருப்போட்டது. நாக்கு தன்பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனது. மனம் எதையும் முடிவெடுக்கவில்லை.

காதுக்குப் பின்னால் சில்லென்றது.

அவள் பிடி தளர்ந்தது. இருவர் விரல்களும் தொடைமேல் அசைந்துகொண்டிருக்க, மகிழ் மடியிலிருந்து இறங்கினான். “ம்மா” என்று ஒருமுறை கூப்பிட்டுப் பார்த்தான். பிறகு துண்டை இழுத்துக்கொண்டு, திறந்துகிடந்த குளியலறைப் பக்கம் தத்தித் தத்தி நடந்தான். அவனுடைய வாத்து இன்னும் அந்தத் தொட்டியில்தான் மிதந்துகொண்டிருந்தது.