ஆலட்டு துரையின் கேள்வி

வைகாசி வெயிலில் தார் இளகிக் கிடந்த ஒரு காலையில், முத்துச்செல்வி தன் ஸ்கூட்டரைத் துரை கல்லறைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் நிறுத்தினாள். திருமங்கலத்துக்கு நேர் மேற்கே, கொம்பனேரி ஊருக்கும் அதன் காலனிக்கும் நடுவில் கிடக்கிற பொட்டல் அது. மேற்கே ஊர், கிழக்கே காலனி. நடுவில் செங்கல்லும் சுண்ணாம்புமாக ஒரு சின்னக் கூம்புக் கட்டடம். வாசலில் எரிந்து தீர்ந்த சுருட்டுகள், ஊர்க்காரர்கள் படைத்துவிட்டுப் போன காலி பிராந்திப் பாட்டில்கள்.

உள்ளே இருப்பவர் ஆலட்டு துரை. கம்பெனிக்காரன் காலத்தில், மலையோரப் பாளையங்களை அடக்க எல்லையில் நிறுத்தியிருந்த குதிரைப்படைக்குத் தலைவர். ஊருக்கு அவர் சாமி. அந்நாளில் வந்த ஒரு பஞ்சத்தில் மூட்டை மூட்டையாகக் கம்பு கொடுத்து உயிரைக் காப்பாற்றினவர், இன்றைக்கும் குதிரையேறி எல்லையைச் சுற்றி வருகிறவர். காலனிக்கு அவர் பெயரைச் சொன்னாலே காறித் துப்பத் தோன்றும். அதே பஞ்சத்தில், குழியில் ஒளித்துவைத்திருந்த விதைக் கம்பைக் கேட்டு வந்து, கொடுக்க மறுத்த சனங்களைக் களத்தில் உட்காரவைத்து, மேலே குதிரைகளை ஓட்டினவர்.

முத்துச்செல்வி காலனியில் பிறந்தவள். பொறியியல் படித்துவிட்டு, பழைய கட்டடங்களைப் புதுப்பிக்கிற ஒரு நிறுவனத்தில் வேலை பார்த்தாள். கல்லறைக்குத் தளம் போட்டு, விரிசலை அடைத்து, "எல்லை காத்த தெய்வம்" என்று புதுக் கல் பதிக்க ஊர்க்காரர்கள் பிடித்தது அந்த நிறுவனத்தைத்தான். இரண்டு கதையிலும் அவளுக்கு நம்பிக்கை இல்லை. வேலை வேலைதான் என்று வந்துவிட்டாள். அன்றிலிருந்து அவள் அம்மா சுந்தரம்மாள் அவளோடு பேசுவதில்லை.

கல் பதிக்கக் கூடாது என்று காலனி மனுக் கொடுத்து, தாசில்தார் முன்னால் கூட்டம் நடந்தபோது சுந்தரம்மாள் எழுந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"துரை கம்பு குடுத்தாருங்கிறீக. அந்தக் கம்பு அவருக்கு எங்கிட்டிருந்து வந்துச்சு?"

ஆனாலும் கல் பதிக்க அனுமதி கிடைத்துவிட்டது.

உச்சிப்பொழுது நெருங்கியது. கொத்தனார் கருப்பு கரணையைக் கழுவி வைத்தார். அவளுக்கு மாமா முறை.

"வா செல்வி, கடைப்பக்கம் போயிச் சாப்பிட்டு வருவோம். இந்நேரத்துல இங்க இருக்க வேணாம்."

"சிவனாண்டி ஐயா கல்லு எங்க வைக்கிறதுன்னு பாக்க வாரேன்னிருக்காரு மாமா. நீங்க போங்க."

கருப்பு கல்லறையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு நடந்தார். கொஞ்ச நேரத்தில் சிவனாண்டியின் மொபெட் சத்தம் கேட்டது. எழுபதைத் தாண்டியவர். கல்லறைக்குப் பரம்பரையாக விளக்கேற்றுகிற குடும்பம். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலில் ஒரு சுருட்டைப் பற்றவைத்து வைத்தார்.

"உங்காத்தா பேசினதை நான் மனசுல வைக்கலம்மா. ஆனா துரை இல்லேன்னா இந்த ஊரு இல்ல. தெரிஞ்சுக்க."

"நான் தளம் போட வந்தவ ஐயா. எடத்தைக் காட்டுங்க, போதும்."

அவர் தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தார்.

வெயில் நட்டநடு உச்சியில் நின்றது. வேப்பமர நிழல் தூரோடு ஒட்டிச் சுருங்கிப் போயிருந்தது. கருவேலங்காட்டு ஓரம் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் மேய்ச்சலை விட்டு ஒன்றோடொன்று நெருங்கி நின்றன. எல்லாமே ஒரே திசையைப் பார்த்தன.

முதலில் வந்தது வாடை. வியர்வையில் ஊறிய தோல், குதிரை மூத்திரம், பழைய இரும்பு.

பிறகு குளம்படி.

நிதானமாக, ஒரு வட்டத்தில், கல்லறையைச் சுற்றி வந்தது. முத்துச்செல்வியின் கண்ணில் ஒன்றும் படவில்லை. காற்றே இல்லாத பொட்டலில் புழுதி மட்டும் சின்னச் சின்னதாக எழும்பி அடங்கியது.

சிவனாண்டியின் முகம் மலர்ந்தது. கையெடுத்துக் கும்பிட்டார்.

"கேக்குதாம்மா? ரவுண்டு வாரார். எங்கப்பாவும் கேட்டிருக்காக. காவலுக்கு வாரது."

குளம்படி நின்றது.

அவர்களுக்கு நேர் எதிரே நின்றது. சேணம் நெரிகிற சத்தம். சூடான மூச்சு ஒன்று முத்துச்செல்வியின் நெற்றி மயிரை அசைத்தது.

மேலேயிருந்து ஒரு குரல். தமிழ் தெரியாத நாக்கு, பாடம் பண்ணிவைத்த ஒரே சொல்லைச் சொல்லியது.

"எங்கே?"

சிவனாண்டியின் சிரிப்பு அப்படியே உறைந்தது.

"பேசினதே இல்லையே," என்றார் மெல்ல. "இதுவரைக்கும் பேசினதே இல்ல."

"எங்கே?"

கும்பிட்ட கைகள் பிரிந்தன. இடது கை தொங்கியது. வலது கை தானாக உயரத் தொடங்கியது. அவர் அதை வேறு யாருடைய கையையோ பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"நான் தூக்கல. நான் தூக்கலம்மா. பிடி."

அவள் இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். கிழவரின் கை இரும்புக் கம்பியாக இருந்தது. அவளையும் சேர்த்துத் தூக்கிவிடும்போல மேலே போனது. தோளுக்கு நேராக வந்ததும் நின்றது. விரல் மட்டும் நீண்டது.

கிழக்கே.

காலனியை நோக்கி.

குதிரை திரும்புகிற சத்தம் கேட்டது. நிதானம் போய், குளம்படி பாய்ச்சலாக மாறியது. கருவேலங்காட்டுக்கு மேல் ஒரு புழுதிக்கோடு கிழக்கு நோக்கி ஓடியது.

முத்துச்செல்வி ஸ்கூட்டரைக் கிளப்பியது அவளுக்கே நினைவில்லை. வண்டிப்பாதையில் விழுந்து எழுந்து, முழங்கால் கிழிந்து, மறுபடி ஓட்டினாள். முன்னால் போகிற புழுதியை அவளால் எட்ட முடியவில்லை.

காலனிக் களத்தில் காயப்போட்டிருந்த கம்பின் நடுவில் சுந்தரம்மாள் குப்புறக் கிடந்தாள். கோழி விரட்டுகிற குச்சி கையிலேயே இருந்தது. அவளைச் சுற்றிக் கம்பு முழுக்கப் பிறைபிறையாகப் பள்ளங்கள். வீடுகளிலிருந்து சனம் ஓடிவந்துகொண்டிருந்தது. எவனோ மாட்டை அவிழ்த்துவிட்டுட்டான் என்று ஒருவர் கத்தினார். ஆனால் அன்றைக்கு யாருடைய மாடும் கயிறு அறுத்துக்கொண்டு போகவில்லை.

திருமங்கலத்து மருத்துவமனையில் இடுப்பெலும்பு முறிவு என்றார்கள். விலா இரண்டு நொறுங்கியிருந்தது. மயக்கம் தெளிந்ததும் சுந்தரம்மாள் கண்ணைத் திறந்தாள். மாதக்கணக்கில் பேசாத மகளைப் பார்த்து அவள் கேட்ட முதல் வார்த்தை இதுதான்:

"இந்தத் தடவையும் காட்டிக் குடுத்துட்டாகளா?"

பஞ்சக் காலத்தில் துரைக்கு விதைக் குழியைக் காட்டிக் கொடுத்தது யார் என்று காலனிக் கதையில் பெயர் கிடையாது. முத்துச்செல்வியும் கேட்டதில்லை.

இரண்டு நாள் கழித்துச் சிவனாண்டியின் மருமகள் மீனா வந்து அவளைக் கூட்டிப் போனாள். இருவரும் திருமங்கலத்தில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்.

கிழவர் கட்டிலில் ஒருக்களித்துக் கிடந்தார். வலது கை அப்படியே கிழக்கே நீட்டியபடி நின்றது. தூங்கும்போதும் இறங்குவதில்லையாம். நரம்பு ஊசி போட்டுப் பார்த்துவிட்டார்கள். மடக்கப் போன டாக்டரின் விரல்தான் பிசகியது.

"எங்க வீட்டுல யாரும் இதைச் சொன்னதில்லம்மா," என்றார். உதடு காய்ந்திருந்தது. "எங்கப்பா சொன்னதில்ல, பாட்டன் சொன்னதில்ல. கம்பு குடுத்தாரு, கம்பு குடுத்தாருன்னுதான் சொல்லி வளத்தாக. ஆனா இந்தக் கைக்குத் தெரிஞ்சிருக்கே."

அவள் அந்த நீண்ட விரலைப் பார்த்தாள்.

"கல்லு வேணாம். ஊருக்குச் சொல்லிட்டேன். உங்காத்தாவை இங்கேருந்து கூட்டிட்டுப் போயிரு. எங்கயாச்சும் தூரமா. எங்கன்னு எனக்குச் சொல்லாத."

கண்ணீரைத் துடைக்க அவர் இடது கையைத்தான் தூக்க வேண்டியிருந்தது.

முத்துச்செல்வி வேலையை விடுவதாக எழுதிக் கொடுத்துவிட்டாள். ஊருக்கு வடகிழக்கே, மதுரையை ஒட்டிய பசுமலையில் மூன்றாவது மாடியில் ஒரு வீடு பார்த்தாள். எங்கே என்று காலனியில் யாருக்கும் சொல்லவில்லை, கருப்பு மாமாவுக்குக்கூட. அம்மாவை மருத்துவமனையிலிருந்து நேராக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தாள். அன்றிரவு இருவரும் வெகுநாளைக்குப் பிறகு ஒன்றாகச் சாப்பிட்டார்கள். சுந்தரம்மாள் நன்றாகத் தூங்கினாள்.

காலையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தபோது மீனாவிடமிருந்து போன் வந்தது.

"செல்வி, அம்மா எப்படி இருக்காக?"

"பரவாயில்ல. ஐயா?"

மீனா குரலைத் தாழ்த்தினாள்.

"நேத்து வரைக்கும் கை கிழக்கதான் நின்னுச்சு. விடிஞ்சு போயிப் பாத்தா வடகிழக்க திரும்பியிருக்கு. எங்க மாமா இடது கையால அதை மூடி மூடி வைக்கிறாரு, அழுவுறாரு. என்னன்னு கேட்டா சொல்ல மாட்டேங்கிறாரு."

பால் பொங்கி அடுப்பில் வழிந்தது.

"செல்வி," என்றாள் மீனா. "நீங்க வீடு மாறிட்டீங்களா?"