உயிருடன் வெளியேறினார்

கதிர்காமத்தம்பி நடுவில் படுக்க மாட்டேன் என்றார்.

வாயால் சொல்லவில்லை. ஸ்கேன் மேசையின் நடுவில் அவரைக் கிடத்தி, மேலேயிருந்து விழும் சிவப்பு ஒளிக்கோடு நெஞ்செலும்பின் மேல் நேராக விழுகிறதா என்று குனிந்து பார்த்து, "அசையாமப் படுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டு உதயரூபன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து கதிரையில் உட்காருவான். நிமிர்ந்து பார்த்தால் கோடு அவருடைய இடது நெஞ்சில் நிற்கும். மனுசன் சத்தமில்லாமல் வலப்பக்கம் நகர்ந்திருப்பார். மூன்று தடவை எழும்பிப் போய் இழுத்துப் போட்டான். மூன்று தடவையும் விளிம்புக்குப் போய்விட்டார்.

"ஏன் பெரியப்பா ஓரத்துக்குப் போறீங்க? விழுந்திரப் போறீங்க."

"இடப்பக்கம் நெருக்கமாக் கிடக்கு மனே." வெல்லாவெளிப் பக்கத்து வேளாண்மைக்காரர், ஒரு வசனம் சொல்ல இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "கொஞ்சம் ஒதுங்கிக் குடுத்தா என்ன?"

இடப்பக்கத்தில் ஒன்றும் இல்லை. வெறும் மேசை. அதன் மேல் ஆசுபத்திரித் துணி, சுருக்கமில்லாமல்.

ஜன்னல் இல்லாத அறை அது. வெளியே மாரி மழை அடித்து ஊற்றினாலும் உள்ளே குளிரூட்டியின் உறுமலும், மருந்துத் தண்ணீர் தெளித்துக் கழுவிய தரையின் வாடையும், அதற்கு அடியில் எவ்வளவு கழுவினாலும் போகாத வாவிச் சேற்று மணமும்தான். பத்து வருசமாக அங்கே ஸ்கேன் எடுக்கிறவனுக்கு நோயாளி நகர்வது புதிதல்ல. நோவில் நகர்வார்கள், பயத்தில் நகர்வார்கள். ஆனால் எல்லாரும் ஒரே பக்கமாக நகர்வதில்லை. இந்த மாதத்தில் இவர் நாலாவது ஆள். அந்த நாலில் ஒருத்தி அவனுடைய மனைவி அஜந்தா. புருசன் முன்னால் சட்டை மாற்றிப் படுத்த வெட்கத்தில் நெளிகிறாள் என்று அன்று அவன் சிரித்தான்.

கதிர்காமத்தம்பியை அப்படியே ஓரத்தில் விட்டுப் படத்தை எடுத்தான். அரை நிமிடத்தில் சாத்திரியார் முடிவு சொன்னார். தொண்ணூற்றாறு. பச்சை.

சாத்திரியார் என்பது ஒரு மென்பொருள். போன ஆவணியில் வந்தது. ஸ்கேன் படத்தைப் பார்த்து, ஆள் பிழைப்பாரா என்று நூற்றுக்கு இத்தனை என்று சொல்லும். பத்து வருசத்துப் பழைய படங்களையும், அந்த ஆட்களுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்று வாட்டுப் பதிவேடுகளில் எழுதியிருந்ததையும் காட்டி, காத்தான்குடி முனாஸ்தான் அதைப் படிப்பித்தான். அதற்கு நீளமான ஆங்கிலப் பெயர் ஒன்று உண்டு. யாருக்கும் வாயில் வராது. "சாத்திரியார் என்ன சொல்றார்?" என்று டொக்டரே கேட்பார். தொண்ணூறுக்கு மேலே பச்சை, பயமில்லை. நாற்பதுக்குக் கீழே சிவப்பு. வியாழக்கிழமை கொழும்புக்குப் போகும் அம்புலன்சில் அவருக்குத்தான் முதல் இடம்.

போன வியாழக்கிழமை அந்த அம்புலன்சில் அஜந்தாவுக்கு ஓர் இடம் இருந்தது. மூன்று மாதத்து இருமல். நெஞ்சுக்குள் பெரிய நரம்பை ஒட்டிக் கொட்டைப்பாக்களவு கட்டி. வெட்டி எடுப்பதானால் உடனே கொழும்பில் எடுக்க வேண்டும் என்று டொக்டர் யோசித்துக்கொண்டிருந்தபோது சாத்திரியார் தொண்ணூற்றெட்டு என்றார். உதயரூபன் அன்று கணினித் திரையைக் கையெடுத்துக் கும்பிட்டான். டொக்டர் இன்னும் தயங்கினார். தயங்கியவரைத் தயங்க விடாமல் செய்தவன் அவன்தான். "தொண்ணூற்றெட்டு டொக்டர். அந்த இடத்த வேற ஆருக்கும் குடுங்க. அவவுக்குக் கொழும்பெண்டா பயம்." இடம் ஏறாவூர்ப் பெண் ஒருத்திக்குப் போனது. அஜந்தாவுக்கு வெளியேற்றத் துண்டு வெட்டித் தேற்றாத்தீவு வீட்டுக்குக் கூட்டிப் போனான். வழியில் மாம்பழம் வாங்கிக் கொடுத்தான்.

எந்த இடத்தைப் பார்த்து இந்த முடிவுக்கு வந்தேன் என்று சாத்திரியார் படத்தின் மேலேயே சிவப்புப் பூசிக் காட்டுவார். நுரையீரல் வருத்தமென்றால் நுரையீரலில் சிவப்பு, ஈரலென்றால் ஈரலில். கதிர்காமத்தம்பியின் படத்தில் சிவப்பு உடம்பின் மேல் எங்குமே இல்லை. இடது தோளுக்கு வெளியே, வெறும் காற்றுக் கறுப்பாகத் தெரிகிற இடத்தில், ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்தால் எவ்வளவு இடம் பிடிக்குமோ அவ்வளவு இடத்தில் கிடந்தது.

முனாசுக்குப் போன் எடுத்துக் கேட்டான்.

"ஆள் நடுவுக்கு இல்லாட்டி அப்படித்தான் காட்டும் அண்ணன்," என்றான் முனாஸ். "மிசினுக்குக் காத்தும் தெரியா, கையும் தெரியா. ஒண்டுக்கும் யோசிக்காதீங்க."

யோசிக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் கை தானாகப் பழைய படங்களைத் திறந்தது. மற்ற இருவர் படங்களிலும் அதே இடத்தில் அதே சிவப்பு. பிறகு அஜந்தாவின் படம். அன்று அவன் தொண்ணூற்றெட்டை மட்டும்தான் பார்த்தான். இப்போது பார்த்தான். மற்றவர்களுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்த சிவப்பு, அவளுடைய தோளோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

பின்னேரம் மூன்று மணிக்கே இருட்டிவிட்டது. மழை தகரத்தில் விழுகிற சத்தத்தில் வாட்டில் பேசுகிறவர்கள் கத்திப் பேசினார்கள். கதிர்காமத்தம்பியின் மகன்மார் இருவர் வந்து கட்டிலடியில் நின்றார்கள். சேறு படிந்த கால்கள், கண்ணில் அழுது முடிந்த சிவப்பு. "ஆளக் கொண்டு போறம் மிஸ். மூச்சு இழுக்குது. வீட்ட போய்ப் பால் பருக்க வேணும்."

வாட்டுத் தாதி முப்லிஹா மிஸ் அவர்களோடு வாதாடவில்லை. துண்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் பதிவேட்டை இழுத்து விரித்தாள். கடைசியில் இரண்டே நிரல்கள். இறந்தார். உயிருடன் வெளியேறினார். இரண்டாவது நிரலில் சரி அடையாளம் போட்டாள்.

"உயிரோடயா?" என்றான் உதயரூபன்.

"இப்ப உயிரோடதானே போறார்?" அவள் நிமிராமலே சொன்னாள். "வீட்ட போய் என்ன ஆகிற எண்டு எழுத இதில இடமில்ல அண்ணன். எப்பயும் இப்படித்தானே எழுதுற."

எப்போதும் இப்படித்தான். இந்தக் கரையில் ஆசுபத்திரிக் கட்டிலில் சாக யாருக்கும் மனம் வருவதில்லை. இனி இல்லை என்று தெரிந்ததும் பிள்ளைகள் வந்து தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். சொந்தக் கூரைக்குக் கீழே, வாயில் ஒரு கரண்டி பால் பருக்கி அனுப்பிவைப்பார்கள். அவனும் அப்பாவை அப்படித்தான் கொண்டு போனான். விபத்தில் வந்தவன் கட்டிலில் சாவான், நெஞ்சு வெடித்தவன் சாவான். நிச்சயமாகச் சாகப் போகிறவன் மட்டும் இங்கே செத்ததே இல்லை. பத்து வருசமாக அவர்கள் எல்லாரும் உயிருடன் வெளியேறியிருக்கிறார்கள். சாத்திரியார் படித்த பாடம் அதுதான். எழுபது எண்பது என்று வந்தவர்கள் பிழைத்தவர்கள். தொண்ணூற்றைந்துக்கு மேலே வந்தவர்கள், சாகத் தூக்கிக்கொண்டு போனவர்களா?

பதிவேட்டில் கண் மேலே போனது. வியாழக்கிழமை. அஜந்தா உதயரூபன். சரி அடையாளம். அதே நீல மை.

வாட்டுக்கு வெளியே நடையோடையில் நின்று முனாசுக்கு எடுத்தான். "அந்தக் கடைசி நிரலத்தானே நீ படிக்கக் குடுத்த?"

"ஓம் அண்ணன். வேற என்னத்தக் குடுக்கிற? ஏன், செல்லுங்க." உதயரூபன் பதிவேட்டில் கண்டதைச் சொன்னான். பிறகு முனாஸ் மெல்லச் சொன்னான்: "எங்கட வாப்பாவையும் அப்படித்தான் அண்ணன் கொண்டு வந்த. கலிமா செல்லிக் குடுக்க வேணுமெண்டு."

அந்தச் சிவப்பைப் பற்றிக் கேட்டான். அது மிசின் கோளாறாயிருக்கும் என்றான் முனாஸ்.

டொக்டருக்கு எடுத்தான். மன்னம்பிட்டியில் வெள்ளம் ஏறிக் கொழும்பு றோட்டு மூடியாயிற்று, இன்று ஒரு வாகனமும் போகாது, காலையில் அவவைக் கூட்டி வாருங்கள் பார்ப்போம் என்றார்.

புறப்படுவதற்கு முன் ஸ்கேன் அறைக்குப் போனான். ஏன் போனான் என்று கேட்டால் அவனுக்கே தெரியாது. இயந்திரக் கோளாறு என்று தெரிந்தால் போதும் என்றிருந்தது. கோளாறு என்றால் வெறும் மேசையிலும் அந்தச் சிவப்பு வர வேண்டுமே. ஆளில்லாத மேசையை உள்ளே அனுப்பினான். வளையம் சுழன்றது. படம் வந்தது. மேசை, கறுப்பு. சிவப்பு ஒரு பொட்டுக்கூட இல்லை.

இங்கே இல்லை.

அப்படியென்றால் அது வந்தவர்களோடு போய்விட்டது.

கல்முனை றோட்டில் மோட்டார் சைக்கிளை எப்படி ஓட்டினான் என்று நினைவில்லை. ஒரு பக்கம் கடல் இரைந்தது, மறுபக்கம் வாவி தென்னந்தோப்புக்குள் ஏறி வந்து அசையாமல் கிடந்தது. மழைக்கோட்டுக்குள் வேர்த்தது. காலையில் கஞ்சி கொடுத்துவிட்டு வந்தபோது அவள் கட்டிலை விட்டு எழும்பவில்லை என்பதும், எழும்ப ஏலாமல் இரண்டு நாளாயிற்று என்பதும், களைப்புத்தானே, தொண்ணூற்றெட்டுத்தானே என்று அதைத் தான் எண்ணாமல் விட்டதும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. படுபாவி. மாம்பழம் வாங்கிக் கொடுத்தவன்.

விளக்கு வைக்கிற நேரம். ஊரெல்லாம் வெளிச்சம் இருந்தது. அவன் வீட்டில் இல்லை. கதவைப் பூட்டித்தான் போயிருந்தான். பூட்டு அப்படியே இருந்தது. திறந்தான்.

பால் காய்ச்சிய மணம்.

"அஜந்தா?"

அறைக்குள் குளிர். மழைக் குளிர் இல்லை. அவனுக்கு நன்றாகத் தெரிந்த குளிர், பத்து வருசமாக வேலை செய்த அறையின் குளிர்.

அவள் படுத்திருந்தாள். கட்டிலின் வலது விளிம்பில். ஒரு கை வெளியே தொங்கியது. இன்னும் ஒரு விரலளவு நகர்ந்தால் விழுந்துவிடுவாள். இடப்பக்கம் முழுவதும் காலி.

"நடுவில படு புள்ள," என்றான். "விழுந்திரப் போறாய்."

"இடமில்லையே," என்றாள். கண் திறக்கவில்லை. "மெல்லமாப் பறையுங்க."

அவள் தோள்களுக்கு அடியில் கை கொடுத்தான். பத்து வருசமாகச் செய்கிற வேலை. எத்தனை ஆயிரம் பேரை நடுவில் இழுத்துப் போட்டிருப்பான். இழுத்தான். வரவில்லை. எலும்பும் தோலுமான உடம்பு. மீண்டும் இழுத்தான். ஏதோ முட்டியது.

இடது கையை மெத்தையில் ஊன்றினான். பள்ளம். தோள் இருக்கிற இடத்தில் ஒரு பள்ளம், இடுப்பு இருக்கிற இடத்தில் ஒரு பள்ளம். தலையணையிலும்.

கையை எடுத்தான்.

அந்தப் பக்கத்து முக்காலியில் ஒரு தம்ளர். பால். ஆவி பறந்துகொண்டிருந்தது. பக்கத்தில் ஒரு சின்னக் கரண்டி. நனைந்திருந்தது.

அவள் எழும்பவில்லை. எழும்ப ஏலாது. கதவு பூட்டியிருந்தது.

"ஆர் உனக்கு..." என்று தொடங்கினான். அவளுடைய கடைவாயிலிருந்து ஒரு வெள்ளைக் கோடு கழுத்துப் பக்கமாக இறங்கிக்கொண்டிருந்தது. இப்போதுதான் பருக்கிய பால்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவனைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் பார்த்தாள், ஒருவர் சொல்வதைக் கேட்டுத் தலையசைப்பதுபோல மெல்லத் தலையசைத்தாள், பிறகு வாயைத் திறந்தாள்.

முக்காலியில் கரண்டி இல்லை.