விட்ட பிறகும் ஊரும் வடம்

லூர்துநாதன் லீவரைத் தன் பக்கம் இழுத்தான். பல் கழன்ற சத்தம் கேட்டது. வடம் மட்டும் நிற்கவில்லை.

நின்றிருக்க வேண்டும். கூடலூருக்கு மேற்கே மலையடிவாரத்தில் இருந்த அந்தக் கொட்டகையில், கால்வாய்த் தண்ணீர் இரவும் பகலும் ஒரு சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அந்தச் சக்கரத்தையும் கம்பிவடம் சுற்றும் பெரிய உருளையையும் கோத்துவிடவும் பிரித்துவிடவும் ஒரு பல்வளையம் உண்டு. துரைமார் அதைக் கிளச்சு என்பார்கள். லீவரைத் தள்ளினால் பல்லோடு பல் கடித்து வடம் ஓடும். வடத்தில் தொங்கும் இரும்புத் தொட்டிகள் மலை மேலே அணை கட்டுகிற இடத்துக்குச் சுண்ணாம்பு கொண்டுபோய்க் காலியாகத் திரும்பும். லீவரை இழுத்தால் எல்லாம் நின்றுவிடும். சாயங்காலம் கோயில் மணி அடித்ததும் இழுத்துவிட்டு, முழங்காலில் நின்று மங்கள வார்த்தை ஜெபம் சொல்லிவிட்டு, நேரே வீட்டுக்குப் போய்விடுவது அவன் வழக்கம்.

அன்றைக்குப் போகக் கால் வரவில்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள்? செலின் மேலே இருந்தாள். காய்ச்சலில் கிடந்த தம்பியைப் பார்த்துக்கொள்ள ஏறிப் போனவள், தம்பியை அங்கேயே புதைத்துவிட்டு, இப்போது தானும் அதே காய்ச்சலில் படுத்திருந்தாள். காய்ச்சல்காரர்களைக் கீழே விடக்கூடாது, கம்பம் வரைக்கும் பரவிவிடும் என்று உத்தரவு. மேலே போகவும் அவனுக்கு அனுமதி இல்லை, இயந்திரத்தைப் பார்க்க வேறு ஆள் கிடையாது. கட்டின மனைவி கண்ணுக்குத் தெரிகிற மலையில் கிடக்கிறாள், போய் ஒரு வாய் கஞ்சி ஊற்ற வழியில்லை. என்ன பிழைப்போ இது!

ஆடி மாதச் சாரல் ஓலைக்கூரையில் விடாமல் தூவ, விளக்கெண்ணெயும் நனைந்த சுண்ணாம்பும் கலந்த வாடை மூக்கை அடைக்க, மலையிலிருந்து இறங்கிய மஞ்சு கொட்டகை வாசல் வரைக்கும் வந்து நிற்க, அதற்குள்ளிருந்து வடம் ஆளில்லாத தொட்டிகளை ஒவ்வொன்றாகக் கொண்டுவந்துகொண்டிருந்தது. நத்தை வேகம்தான். ஆனால் ஊர்ந்தது. கொட்டகைக்கு வெளியே இருந்த கள்ளிவேலிப் பக்கம் ஒரு தொட்டி மற்றவற்றைவிடத் தாழ்ந்து வந்தமாதிரி இருந்தது. பிறகு அந்தப் பக்கமிருந்து ஒரு சத்தம். இரும்பில் விரல் முட்டியால் தட்டுகிற சத்தம். டொக். டொக்.

மேலே செத்தவர்கள் காலித் தொட்டியில் ஏறி ஊருக்குத் திரும்புகிறார்கள் என்று கூலியாட்கள் பேசிக்கொள்வது அவன் காதிலும் விழுந்திருந்தது. சிலுவை போட்டுக்கொண்டான். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு ஓடினான்.

மறுநாள் காலையில் ஓவர்சியரிடம் சொன்னான். அவர் சிரித்தார்.

"பேயாவது மண்ணாங்கட்டியாவது! மிசினு கோளாறுய்யா. ஒண்ணோட ஒண்ணு முட்டித் தொட்டியெல்லாம் ஒடைஞ்சு போகும். இன்னைக்கு மணி அடிக்கையில வடம் அசையக் கூடாது. சரி பண்ணிரு, ஒம்பொண்டாட்டிய எறக்குறதுக்கு நானே சீட்டு எழுதித் தாரேன்."

லூர்துநாதனுக்கு யானை பலம் வந்துவிட்டது. முதலில் லீவரைத் தள்ளிப் பார்த்தான். வளையம் ஒழுங்காக ஏறவில்லை. கடக், கடக் என்று முண்டி, கையில் வெட்டு வெட்டாக உதைத்து, அப்புறம்தான் ஏறியது. இழுத்தான். பாதி வழியில் தயங்கியது. வரவும் முரண்டு, போகவும் முரண்டு. முறுக்கில் மாமியார் வீட்டு மாப்பிள்ளை தோற்றான்.

மதகை அடைத்துச் சக்கரத்தை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் பிரித்தான். கோளாறு வெளிச்சத்துக்கு வந்தது. வளையம் வழுக்கிப் போகவேண்டிய தண்டில் சுண்ணாம்புத் தூசியும் எண்ணெயும் சேர்ந்து பிசினாகக் காய்ந்திருந்தது. வளையத்தைப் பிடித்து நகர்த்தும் கவட்டையின் நுனி தேய்ந்திருந்ததால், லீவர் முழுசாக வந்தும் வளையம் முழுசாக விலகவில்லை. பற்கள் ஒட்டியும் ஒட்டாமலும் உரச, அந்த உரசலிலேயே உருளை இழுபட்டுச் சுற்றியிருக்கிறது. பேயுமில்லை, பிசாசுமில்லை. வெறும் அழுக்கு! அவனுக்கு வாய்விட்டுச் சிரிக்கத் தோன்றியது.

சீமெண்ணெய் விட்டுச் சுரண்டினான். கவட்டை நுனிக்குப் பித்தளைத் தகடு வைத்து அறைந்தான். தகடு எடுக்கக் கள்ளிவேலிப் பக்கம் போனபோது, அங்கே நின்ற தொட்டிக்குள் பார்வை போனது. உட்புறச் சுண்ணாம்புத் தூசியில் ஒரு கை பதிந்து, கீழே இழுபட்டிருந்தது. சின்னக் கை. யாரோ சுமை இறக்கினவன் வைத்தது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

மதகைத் திறந்தான். வளையம் வெண்ணெயாக ஏறியது, வெண்ணெயாக இறங்கியது. சாயங்காலம் மணி அடித்ததும் லீவரை இழுத்தான்.

வடம் அந்த இடத்திலேயே நின்றது. மஞ்சுக்குள் தொட்டிகள் ஒருமுறை ஆடி அடங்கின.

முழங்காலில் நின்றான். "மாதாவே, நாளைக்கு எஞ்செலின் இங்கன இருக்கணும்" என்றான். எங்கோ மேலே, பள்ளத்தாக்குப் பக்கம், டொக் டொக் என்று கேட்டது. மழை இரும்பில் சொட்டுகிறது என்று நினைத்தான். ஓவர்சியர் கூடாரத்துக்குப் போய், அவர் சாப்பிட்டு எழும்வரை வாசலில் நனைந்துகொண்டு நின்று, சீட்டை வாங்கி மடியில் முடிந்துகொண்டு திரும்பினான்.

கொட்டகை வாசலில் ஒரு கிழவி கதவை அறைந்துகொண்டிருந்தாள். மாயக்காள், வேலிக்கு அந்தப் பக்கம் ஆட்டுக்கிடை போட்டிருப்பவள்.

"வடம் ஏன்யா நின்னுச்சு?"

"சரி பண்ணிட்டேன் ஆத்தா. இனிமே ஊராது."

கிழவி அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"காய்ச்சக்காரங்கள எறக்க விடமாட்டேன்டாகல்ல. மணியடிக்கக் கொஞ்சம் முந்தி, மேல தொட்டி அனுப்புற மணிக்காரன் பிச்சைமணி சாக்கப் போட்டு மூடித் தொட்டியில ஏத்தி விட்ருவான். ஓட்டத்துல பாதி வழி வந்துரும். நீங்கள்லாம் போனப்பெறகு மிச்ச வழி ஊந்து ஊந்து வரும். நான் வேலிக்கிட்ட எறக்கிக்கிருவேன். எம்புட்டுப் பேரு பொழைச்சுப் போயிருக்காக தெரியுமா?"

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ மிசினு ஆளு. தொரை காதுக்குப் போயிருமேன்னு பயந்தோம்."

"இன்னைக்கு யாரு?"

மாயக்காள் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

"ஆத்தா! இன்னைக்கு யாரு?"

"ஒம்பொண்டாட்டிய்யா. ஒம்பொண்டாட்டி."

அவன் லீவரைத் தள்ளினான். எவ்வளவு சுலபமாக ஏறியது! வடம் ஓடியது. மஞ்சுக்குள்ளிருந்து தொட்டிகள் வந்தன. காலி. காலி. இன்னொன்றும் காலி. வேகம் போதவில்லை. மாதாவே, மாதாவே. காலி.

தாழ்ந்து வந்தது ஒன்று.

லீவரை இழுத்து நிறுத்தினான். ஊறிப்போன சாக்கை விலக்கினான். செலின் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பச்சைச் சேலை. கழுத்தில் ஜெபமாலை. உடம்பு கல்லாகக் குளிர்ந்திருந்தது. வலது கை விரல் முட்டிகள் எல்லாம் தோலுரிந்து ரத்தம் கசிந்திருந்தது. தட்டியிருக்கிறாள். பள்ளத்தாக்குக்கு மேலே, மழையில், ஒற்றையாகத் தொங்கிக்கொண்டு, புருஷன் காதில் விழும் என்று தட்டியிருக்கிறாள்.

அவளைத் தூக்கி மாயக்காள் மடியில் கிடத்தினான். சத்தம் போட்டு அழுதான். அவன் மடியிலிருந்த சீட்டு நனைந்து கரைந்தது.

அழுகைக்கு நடுவில் கேட்டது.

கிறீச்.

தலையைத் தூக்கினான். வடம் ஊர்ந்துகொண்டிருந்தது.

ஓடிப்போய் லீவரைப் பார்த்தான். இழுத்தபடிதான் இருந்தது. விளக்கைப் பல்லருகே கொண்டுபோனான். விலகியிருந்தது. நடுவில் கையை விட்டுப் பார்த்தான். முழுக் கையும் போனது. எதுவும் எதையும் தொடவில்லை.

வடம் ஊர்ந்தது.

டொக்.

மஞ்சுக்குள்ளிருந்து அடுத்த தொட்டி வந்தது. தாழ்ந்து வந்தது. விளிம்பில் ஒரு கை. தோலுரிந்த முட்டி. பச்சைச் சேலை. அவன் திரும்பிப் பார்த்தான். செலின் கிழவி மடியில்தான் கிடந்தாள்.

தொட்டி அவன் முகத்துக்கு நேரே வந்தது. உள்ளே உட்கார்ந்திருந்தவள் அவனை நிமிர்ந்து பார்த்தாள். உதடு குளிரில் நடுங்கியது.

"நிப்பாட்டிராதீக" என்றாள். "வந்துக்கிட்டுத்தான இருக்கேன். நிப்பாட்டிராதீக."

தொட்டி அவனைத் தாண்டி, உருளையைச் சுற்றிக்கொண்டு மறுபடியும் மலைப்பக்கம் ஏறியது. பின்னால் மஞ்சுக்குள் அடுத்தது தெரிந்தது. அதுவும் தாழ்ந்து வந்தது.

டொக். டொக்.