அறுபத்தோராவது கண்ணி

"நப்லான்! எங்கடா நீ? இங்க வா!"

அஸ்ரா கத்திய கத்தலில் மலையூர் இரத்தோட்டையில், வீடுகள் நெருங்கிய அந்த ஒழுங்கையே திரும்பிப் பார்த்தது. அவளுக்குச் சும்மாவே மூக்குக்கு மேலே கோபம் வரும். அன்று பின்னேரம் அது தலைக்கே ஏறிவிட்டது.

அவள் கையில் முக்கால்வாசி பின்னிய மஞ்சள் தொப்பி ஊசியோடு தொங்கியது. தொப்பியின் நடுவே சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை.

தம்பி நப்லானுக்கு ஆறு வயது. ஒழுங்கையில் கிரிக்கெட் விளையாடிக்கொண்டிருந்தான். பெரிய பையன்கள் அன்றைக்குத்தான் முதன்முதலாக அவனுக்குப் பந்து போட விட்டிருந்தார்கள்.

"நீதானே ஊசிய இழுத்த? பாரு, தொப்பியில ஓட்ட!"

"நான் தொடவே இல்ல ராத்தா!"

"பொய் சொல்லாத! நேத்து ஊசிய வாளா வெச்சு வெளயாடினது யாரு?"

"அது வெறும் ஊசி! தொப்பி இருந்த ஊசிய நான் தொடல்ல. வல்லாஹி, சத்தியமா!"

"பொய்யன்! உன்னால எல்லாம் நாசமாப் போச்சு!"

கூட்டாளிகள் கொல்லென்று சிரித்தார்கள். "ஓட்ட நப்லான்! ஓட்ட நப்லான்!" என்று ஒருவன் பாடவே தொடங்கிவிட்டான். நப்லானின் முகம் சிவந்தது. பந்தைத் தரையில் ஓங்கி அடித்துவிட்டு வீட்டுக்குள் ஓடினான்.

அஸ்ரா அவ்வளவு கோபப்படக் காரணம் இருந்தது. அவர்கள் வீட்டிலேயே தங்கியிருந்த றுஸ்னா சாச்சியின் பிள்ளை பிறந்து மறுநாள் ஏழாம் நாள். காலையில் முடி களைவார்கள். ஒரு வாரமாக விட்டுவிட்டு மழை. பனிமூட்டம் வீட்டுக்குள் வராத குறை. அந்தக் குளிரில் மொட்டைத் தலைக்குத் தொப்பி வேண்டாமா? "கடையில வாங்க வேணாம் சாச்சி, நானே பின்னித் தாறேன்" என்று வாய் நிறையச் சொல்லியிருந்தாள் அஸ்ரா. சாச்சியும் அதை நம்பி, தொப்பி வாங்காமல் இருந்துவிட்டாள்.

"ரெண்டு பேரும் சத்தம் போட்டுப் புள்ளய எழுப்பினீங்கன்னா, பொறகு தெரியும்!" குசினியில் சமைத்துக்கொண்டிருந்த உம்மா சீறினாள்.

"அவன்தான் செஞ்சான் உம்மா. இருங்க, காட்டுறேன்!"

அஸ்ரா உர்ரென்று உட்கார்ந்து எண்ணத் தொடங்கினாள்.

பின்னல் ஊசியில் வரிசையாக நிற்கும் வளையங்களுக்குக் கண்ணி என்று பெயர். அறுபது கண்ணிகளோடு அவள் தொப்பியைத் தொடங்கியிருந்தாள். யாராவது ஊசியை இழுத்தால் ஒரு கண்ணி நழுவும். பிறகு அது ஏணிப்படி போலப் பிரிந்துகொண்டே கீழே போகும். மிச்சம் ஐம்பத்தொன்பதுதான் இருக்கும். எண்ணிக் காட்டினால் நப்லானின் குட்டு வெளிப்பட்டுவிடும்.

எண்ணி முடித்தாள். அறுபத்தொன்று.

கோபத்தில் பிழையாக எண்ணிவிட்டேன் என்று நினைத்து, மறுபக்கத்திலிருந்து எண்ணினாள். அப்போதும் அறுபத்தொன்று!

அஸ்ரா தொப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஏணிப்படி எதுவும் இல்லை. ஓட்டையிலிருந்து மேல்நோக்கிப் புதிதாக ஒரு கண்ணி முளைத்து, வரிசைக்கு வரிசை ஏறி வந்திருந்தது. ஓட்டை இருந்ததோ வரிசையின் சரிபாதியில்.

வரிசையின் நடுவில் அவள் பின்னலைக் கீழே வைத்தது ஒரே ஒரு தடவைதான். சாச்சியையும் பிள்ளையையும் ஆஸ்பத்திரியிலிருந்து ஏற்றிவந்த த்ரீவீல் வாசலில் நின்றபோது, எல்லாவற்றையும் போட்டுவிட்டு ஓடினாள். திரும்பி வந்து அவசரமாக எடுத்தபோது நூல் ஊசியில் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தது. அதையும் ஒரு கண்ணி என்று நினைத்துப் பின்னிவிட்டாள்.

குற்றவாளி கிடைத்துவிட்டாள். பெயர் அஸ்ரா.

கோபம் இப்போதும் குறையவில்லை. ஆனால் யார்மேல் கொட்டுவது? ஊசியைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. முழுவதையும் பிரித்துப் பின்னவும் நேரமில்லை.

பல்லைக் கடித்துக்கொண்டு யோசித்தாள். இந்தக் கண்ணி தொடங்கியது ஓட்டையில். அதை ஊசியிலிருந்து விட்டால் ஓட்டை வரைக்கும் பிரியும். அதற்குக் கீழே பிரிய ஒன்றுமில்லை. அங்கேயே நிற்க வேண்டும்.

நிற்காவிட்டால்? காலையில் சாச்சிக்குக் கொடுக்கத் தொப்பியே இருக்காது.

ஆனால் அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருந்தது. நப்லான் வீட்டு மூலையில் அடுக்கியிருந்த மிளகு மூட்டைகளுக்குப் பின்னால் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"தம்பி, நீ இழுக்கல்ல. பிழை செஞ்சது நான்தான். மன்னிச்சிரு."

"ஏலாது! எல்லாருக்கும் முன்னாடி ஏசினீங்கதானே? எல்லாருக்கும் முன்னாடி சொல்லுங்க!"

நியாயம்தான். அஸ்ரா ஒழுங்கைக்குப் போனாள். "அவன் ஒண்ணும் செய்யல்ல! ஓட்ட போட்டது நான்!" என்றாள். "ஓட்ட அஸ்ரா! ஓட்ட அஸ்ரா!" என்று பையன்கள் குதித்தார்கள். திருப்பி ஏச நாக்கு துடித்தது. விழுங்கிக்கொண்டு திரும்பினாள்.

"இப்பவாவது கோவம் போச்சா?"

"இல்ல." நப்லான் கைகளைக் கட்டிக்கொண்டான். "இழுக்காமலே இழுத்தேன்னு சொன்னீங்க. அதனால ஒரு தடவ நெசமாவே இழுக்கத் தாங்க!"

அஸ்ராவுக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. பாதிக் கண்ணிகளை மற்ற ஊசிக்கு மாற்றி, அந்தக் கூடுதல் கண்ணியை நுனிக்குக் கொண்டுவந்தாள்.

"இது ஒண்ணு மட்டும். மெதுவா."

நப்லான் நாக்கைத் துருத்திக்கொண்டு கண்ணியைத் தள்ளிவிட்டான். பிறகு துணியை இரண்டு பக்கமும் மெல்ல இழுத்தான். கண்ணி ஒவ்வொரு வரிசையாகப் பிரிந்து இறங்கியது. ஓட்டை வரைக்கும் வந்தது. நின்றுவிட்டது!

ஓட்டை இருந்த இடத்தில் கொஞ்சம் தளர்ந்த நூல்தான் மிச்சம். ஊசி நுனியால் அதைப் பக்கத்துக் கண்ணிகளுக்குள் தள்ளித் தள்ளிச் சரிசெய்தாள். பிறகு எண்ணினாள். அறுபது. இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தொப்பி முடிந்துவிட்டது.

மறுநாள் முடி களைந்ததும் பிள்ளை வீடு அதிர அழுதது. அதற்கும் மூக்குக்கு மேலே கோபம் போலும். சாச்சி மஞ்சள் தொப்பியை அந்த மொட்டைத் தலையில் போட்டுவிட்டாள். அழுகை மெல்ல அடங்கியது.

"எவ்வளவு வடிவா இருக்கு! யாரு பின்னினது?" என்று கேட்டாள் வந்திருந்த ஒரு மாமி.

அஸ்ரா வாயைத் திறப்பதற்குள் நப்லான் முன்னால் பாய்ந்தான்.

"பின்னினது ராத்தா!" ஒழுங்கை முழுக்கக் கேட்கும்படி கத்தினான். "ஆனா இழுத்தது நான்தான்!"