பின்தங்கிய பட்டை

செவ்வாய்க்கிழமை காலை, வின் நகரத்து ஆய்வகத்தில், லூயென் தன் தம்பி காங்கை இரண்டாம் முறை இழந்தாள்.

முதல் இழப்பு போரில். ஐம்பது வருடம் கழித்துக் காட்டில் எலும்புகள் கிடைத்தன. கூடவே, விழுந்த விமானத்தின் தகட்டில் வெட்டிய சீப்பு ஒன்று. அதில் ‘லூயென்’ என்று செதுக்கியிருந்தது. ஆனால் சோதனை மறுத்தது. ஒரு தாய் பிள்ளைகளுக்குத் தாய்வழி மரபணுத் துண்டு ஒரே நீளம்; ஜெல் என்ற கூழ்ப்பலகையில் மின்சாரம் விட்டால் அக்காள் துண்டும் தம்பி துண்டும் ஒரே தூரம் ஓடி, பட்டைகளாக நிற்க வேண்டும். எலும்பின் பட்டை பின்தங்கி நின்றது. வெள்ளிக்கிழமை அந்த எலும்புகள் பெயரற்றோர் கல்லறைக்குப் போகும்.

“எலும்ப மாத்திட்டாங்க,” என்று லூயென் புகார் கொடுத்தாள்.

விசாரிக்க வந்தவர் மேஜர் டியெப். முதலில் கிடங்குக் காவலர் தாக்.

“சாவி யாருகிட்ட, தாக் அண்ணே?”

“எங்கிட்டதான். எடுத்துட்டுப் போயி சூப்பா வெக்கப் போறேன்?”

“தம்பியத் தேடி வந்த பெரியம்மா காதுல விழப்போவுது. வாய அடக்குங்க.”

பெட்டியின் முத்திரை உடையவில்லை. அடுத்து, சோதனை செய்த ஓவான்.

“அந்தம்மா தெனமும் வந்து, ‘தம்பி வந்துட்டானா’ன்னு கேக்கும்க்கா. ஜெல் பாதி ஓடுறப்பவே, வெளக்கடிச்சுப் பாத்தேன், அவரு பட்டை மினுங்குச்சு. ஓடிப்போய்ச் சொல்லிடலாமான்னு இருந்துச்சு.”

டியெப் மேசையிலிருந்த சாயத் தட்டைப் பார்த்தார். “பட்டை மினுங்க, ஜெல்ல இந்தச் சாயத்துல எப்ப ஊறவெப்பீங்க?”

“ஓடி முடிஞ்சப்புறம்.”

“அப்ப பாதியில எப்படிம்மா மினுங்குச்சு?”

ஓவான் ஒரு சின்னக் குழாயை எடுத்துக் காட்டினாள்.

“எலும்புல எடுத்தது ரொம்பக் கொஞ்சமா இருந்துச்சுக்கா. சீக்கிரம் பாத்துடணும்னு, அவரு குழாய்ல மட்டும் சாயத்த நேரா விட்டுட்டேன்.”

“எலும்ப யாரும் மாத்தல,” என்றார் டியெப். “சாயம் மரபணு இழையோட ஏணிப்படிகளுக்கு நடுவுல புகுந்து அத நீட்டி வெறைக்க வெச்சிருச்சு. மின்சாரம் இழுக்கிற பிடியையும் கொறைச்சிருச்சு. ஓடுறவன் கால்ல நீயே கல்லக் கட்டிட்டே.”

சாயம் விடாமல் மறுபடி ஓட்டினார்கள். ஓடி முடிந்தபின் ஊறவைத்தார்கள். திரையில் இரண்டு பட்டைகளும் ஒரே மட்டத்தில் நின்றன.

“இது மட்டும் பத்தாது, பெரியம்மா,” என்றார் டியெப். “இன்னும் சோதனை இருக்கு. ஆனா வெள்ளிக்கிழமை அவர அனுப்ப மாட்டாங்க.”

லூயென் திரையருகே போனாள். “இதுல நான் எது?”

“எடது பக்கம்,” என்றாள் ஓவான்.

“அப்ப பக்கத்துலதான் நிக்கிறான்.” விரலால் திரையைத் தொட்டாள். “கொஞ்ச நேரம் அணைக்காத, கண்ணு.”