வாசலில் ஒரு ஜோடிச் செருப்பு

சுண்டெலியின் அப்பா ஒரு பேய்.

நிஜப் பேய் இல்லை. மாதச் சம்பளம் வாங்கும் பேய். காலையில் தலை வாரி, பஸ் பிடித்து வேலைக்குப் போவார். மாலை வரை பேயாக இருப்பார். வீட்டுக்கு வந்ததும் பாத்திரம் கழுவுவார்.

சுண்டெலி என்பது அப்பா வைத்த செல்லப் பெயர். அவள் நடந்தால் சத்தமே கேட்காது. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பாள்.

“பூங்காக்காரங்க ஆள் மாத்தி எடுத்துட்டாங்க. உன்னைத்தான் பேயா வச்சிருக்கணும்” என்பார் அப்பா.

அப்பா வேலை பார்த்த பொழுதுபோக்குப் பூங்காவில் ‘அந்திவனம்’ என்று ஒரு பகுதி இருந்தது. வெளியே வெயில் கொளுத்தும். ஆனால், அந்திவனத்தின் வளைவுக்குள் காலை வைத்ததும் பொழுது சாய்ந்துவிடும். தலைக்கு மேலே கறுப்பு வலை, வலை முழுக்கக் கொடிகள். மரங்களின் அடியிலிருந்து புகை ஊர்ந்து வரும். எங்கோ ஓர் ஆந்தை விட்டு விட்டு அலறும். அங்கே குப்பைத் தொட்டிகூட மரப்பொந்து மாதிரிதான் இருக்கும். ஐஸ்கிரீம் விற்கும் அக்கா கறுப்பு அங்கி போட்டுக்கொண்டு, “சாக்லெட்டா... வெனிலாவா...” என்று காதோடு கிசுகிசுப்பார்.

அந்த வனத்தின் நடுவில்தான் பேய் ரயில். இருட்டுக் கட்டடத்துக்குள் பெட்டிகள் கடகடவென்று சுற்றி வரும். எலும்புக்கூடு கை ஆட்டும். வௌவால் கம்பியில் வழுக்கி வரும். கடைசித் திருப்பத்தில், வெள்ளைப் போர்வைக்குள்ளிருந்து அப்பா “ஊஊஊ!” என்று குதிப்பார்.

ஒரு காலத்தில் அந்தத் திருப்பத்தில் எழும் கூச்சல் பூங்காவின் வாசல் வரை கேட்குமாம். இப்போது யாரும் கத்துவதில்லை. சிரிக்கிறார்கள். எலும்புக்கூட்டின் கை பாதியிலேயே மாட்டிக்கொள்கிறது. வௌவாலுக்கு ஒரு இறக்கை இல்லை.

“இன்னிக்கு ஒரு பையன் என்னைப் பார்த்து, ‘அங்கிள், ஒரு செல்ஃபி’ன்னு கேட்டான்” என்றார் அப்பா, சாப்பிடும்போது.

“எடுத்தீங்களா?” என்று கேட்டாள் அம்மா.

“எடுத்தேன். சிரிக்கச் சொன்னான். சிரிச்சேன்.”

அம்மா தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அப்பா சுண்டெலியிடம் திரும்பினார்.

“உண்மையைச் சொல்லு. நான் பயமா இல்லையா?”

“கொஞ்சம் பயமா இருக்கீங்கப்பா.”

“எவ்வளவு கொஞ்சம்?”

சுண்டெலிக்குப் பொய் வராது. அதனால் தண்ணீர் குடித்தாள். அப்பாவின் முகம் சின்னதாகிப் போனதைப் பார்க்க அவளுக்குத் தாங்கவில்லை.

மறுவாரமே முதலாளியம்மா எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். பேய் ரயிலைக் கழற்றியாக வேண்டும். அந்த இடத்துக்குப் புதிதாக ஒன்று வரும்.

“மஞ்சள் வாத்து ராட்டினம் போடலாம்னு ஒருத்தர் படம் காட்டினார். அந்திவனத்துல மஞ்சள் வாத்து சுத்துமா? நல்லாவா இருக்கும்? இன்னொருத்தர், தானாவே குதிக்கற மெஷின் பேய் இருக்குன்னார். அதுதான் சரிப்படும்னு தோணுது.”

“அப்ப நான்?” என்று கேட்டார் அப்பா.

முதலாளியம்மா கெட்டவர் இல்லை.

“உங்ககிட்ட வேற யோசனை இருந்தா அடுத்த சனிக்கிழமை செஞ்சு காட்டுங்க. வனம் வனமாவே இருக்கணும். பயம் வேணும். ஆனா, என் பேரன் மாதிரி சின்னதுங்க அலறிட்டு ஓடவும் கூடாது. முடியலைன்னா மெஷின்தான். உங்களுக்கு டிக்கெட் கிழிக்கற இடத்துல வேலை தர்றேன்.”

பேயாக இருந்தவர் வெயிலில் நின்று டிக்கெட் கிழிப்பதா! அப்பா அன்றிலிருந்து கண்ணாடி முன்னால்தான் நின்றார். நீளப் பல் வைத்துப் பார்த்தார். அதைக் கடித்துக்கொண்டு “ஊ” சொல்ல வரவில்லை, “ஃபூ” என்றுதான் வந்தது. முகத்தில் பச்சைச் சாயம் பூசினார். வயிற்றுவலிக்காரர் மாதிரி இருந்தார். சிவப்புச் சாயம் பூசினார். பக்கத்து வீட்டு மாமி வெயிலில் அலையாதீர்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் ரயில் பெட்டிகளையும் தண்டவாளத்தையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். வெறும் கட்டடம் நின்றது. உள்ளே தட்டி அடித்துச் சின்னச் சின்ன அறைகளாகப் பிரித்தார் அப்பா. வீட்டிலிருந்து ஆடும் நாற்காலி ஒன்றையும் தூக்கிக்கொண்டு போனார். என்ன செய்யப்போகிறார் என்று அவருக்கே தெரியாது.

இங்கே சுவிட்ச் மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கட்டடத்தின் வாசலில் இருக்கும் பெரிய சுவிட்ச் அவர் பொறுப்பு. ரயில் ஓடுவதும் உள்ளே விளக்கு எரிவதும் அதில்தான். அவர் ஒரு விதி வைத்திருந்தார். உள்ளே வேலை செய்யப் போகிறவர் யாரானாலும் செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். வெளியே வந்ததும் மாட்டிக்கொள்ள வேண்டும். வாசலில் ஒரு ஜோடி இருந்தாலும் அவர் சுவிட்சைத் தொடமாட்டார். இருட்டில் யாராவது உள்ளே இருக்கும்போது ரயிலை ஓட்டிவிடக் கூடாது அல்லவா?

“எனக்குப் பேயும் தெரியாது, பிசாசும் தெரியாது. செருப்புதான் தெரியும். செருப்பு இருந்தா உள்ள ஆள் இருக்கு. அவ்வளவுதான்” என்பார்.

ரயில் போன பிறகும் விதி போகவில்லை.

வியாழக்கிழமை பள்ளி விட்டதும் சுண்டெலி அப்பாவை அழைத்துப் போக வந்தாள். வாசலில் அப்பாவின் செருப்பு மட்டும் இருந்தது. சுவிட்ச் மாமாவைக் காணோம். சுண்டெலி தன் செருப்பையும் பக்கத்தில் கழற்றிவிட்டு உள்ளே போனாள்.

“அப்பா?”

பதில் இல்லை.

முதல் அறையில் மங்கலாக ஒரு விளக்கு எரிந்தது. மேசை மேல் டம்ளர். தொட்டுப் பார்த்தாள். சூடாக இருந்தது. உள்ளே கரண்டி இன்னும் மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்பா, நான்தான்.”

இரண்டாவது அறையில் ஆடும் நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது. க்ரீச்... க்ரீச்... அதில் யாரும் இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஆட்டம் குறைந்தது. நின்றது.

சுண்டெலியின் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது. எதுவும் குதிக்கவில்லை. எதுவும் கத்தவில்லை. ஆனாலும் கால் நகர மறுத்தது. இவ்வளவு நேரம் இங்கே யாரோ இருந்திருக்கிறார்கள். அவள் காலடி கேட்டதும் எழுந்து போயிருக்கிறார்கள். ஏன்?

தரையில் ஈரக் காலடிகள் தெரிந்தன. அவை நேராகச் சுவரை நோக்கிப் போய், சுவரோடு முடிந்துவிட்டன.

சுண்டெலி ஓடவில்லை என்று பின்னால் எல்லோரிடமும் சொன்னாள். நாமும் நம்பிவிடுவோம். எப்படியோ, அவள் வாசலுக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. வெளியே சுவிட்ச் மாமா யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

“செருப்பு இங்க, ஆளு அங்கயா? உள்ள இருக்கேன்னு நினைச்சுதானே காவல் காக்கறேன்? ஒரு நிமிஷம் தண்ணி குடிக்கப் போனா, குழாயடியில நின்னு கை கழுவிட்டு இருக்க!”

திட்டு வாங்கியது அப்பாதான். வெறுங்காலோடு நின்றார்.

“தண்ணி வாளி கால்ல கொட்டிடுச்சு. பின்பக்கமா ஒரு சந்து இருக்குல்ல, ரயிலைப் பழுது பார்க்கப் போற சந்து? தட்டியைத் தள்ளி அதுவழியா வந்துட்டேன். செருப்பை மறந்துட்டேன். முதல் தடவை, மன்னிச்சிரு.”

சுண்டெலி அப்பாவையே பார்த்தாள். சூடான டம்ளர். ஆடிய நாற்காலி. சுவரோடு முடிந்த காலடி. எல்லாம் அப்பாதான். அப்படியானால்...

“அப்பா! நீங்க குதிக்கவே வேண்டாம். நீங்க அங்க இருக்கவே வேண்டாம்!”

அப்பாவின் முகம் வாடியது. “நீயுமாம்மா?”

“ஐயோ, அது இல்லப்பா! உங்களைப் பார்த்தா யாரும் பயப்படலை. நீங்க இல்லாதப்பதான் எனக்கு உயிரே போச்சு! நாங்க வர்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடி எழுந்து போயிடணும். எல்லா அறையிலயும்.”

அப்பா வாயைத் திறந்து, மூடி, மறுபடி திறந்தார். “அவங்க யாரு? ஏன் எழுந்து போறாங்க?”

சுண்டெலி யோசித்தாள். இருட்டில் தான் நின்ற இடம் நினைவுக்கு வந்தது. தனக்கே அவ்வளவு பயம் என்றால், காலடி கேட்டு எழுந்து போனவருக்கு எப்படி இருந்திருக்கும்?

“நம்மளப் பார்த்து பயம்ப்பா. பாவம், அவங்களுக்கு ரொம்பப் பயம்.”

சனிக்கிழமை முதலாளியம்மா வந்தார். கூடவே அவருடைய பேரன். கொசு பறந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளும் வயது. பாட்டியின் சேலைக்குள் பாதி ஒளிந்திருந்தான்.

சுண்டெலி அவன் முன்னால் உட்கார்ந்து, ஐஸ்கிரீம் அக்காவைப் போலக் கிசுகிசுத்தாள்.

“உள்ள ஒருத்தங்க இருக்காங்க. நம்மளக் கண்டா அவங்களுக்குப் பயம். செருப்பைக் கழட்டிட்டு மெதுவாப் போகலாமா? சத்தம் போட்டா ஓடிடுவாங்க.”

பையன் சேலையிலிருந்து தலையை நீட்டினான். “என்னைவிடப் பயமா?”

“உன்னைவிட.”

அவன் முதல் ஆளாகச் செருப்பைக் கழற்றினான்.

முதல் அறையில் கரண்டி சுற்றிக்கொண்டிருந்தது. அடுத்த அறையில் நாற்காலி. அதற்கடுத்த அறையில் கட்டில். தலையணையில் தலை வைத்த பள்ளம் மெல்ல மெல்ல உப்பி எழுந்தது. முதலாளியம்மாவின் விரல்கள் சுண்டெலியின் தோளை இறுக்கிப் பிடித்தன. கடைசி அறையில், பாதி வரைந்த படத்தின் மேலிருந்து ஒரு பென்சில் உருண்டு வந்து கீழே விழுந்தது. எதிரே கதவு ஒன்று சத்தமில்லாமல் சாத்திக்கொண்டது.

பையன்தான் கதவுக்குப் பக்கத்தில் போனான். சட்டைப் பையிலிருந்து ஒரு மிட்டாயை எடுத்து மேசையில் வைத்தான்.

“பயப்படாதீங்க. நாங்க போயிடறோம்” என்று கதவிடம் சொன்னான்.

வெளியே வந்ததும் முதலாளியம்மா செருப்பை மாட்டினார். இடது காலில் வலது செருப்பு. அதுகூடத் தெரியவில்லை.

“வாத்தும் வேண்டாம், மெஷினும் வேண்டாம்” என்றார் கடைசியில். “எங்க உங்கப்பா?”

அப்பா பின்பக்கமிருந்து வந்தார். வாய் ஒரு பக்கம் உப்பியிருந்தது. மிட்டாயை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

“நாளையிலிருந்து இதுதான் உங்க வேலை. ஒரே ஒரு விஷயம். யார் கண்ணுலயும் பட்டுடக் கூடாது.”

அப்பா தலையாட்டினார். கண் கலங்கியிருந்தது. சாயத்தின் எரிச்சல் என்றார். அன்று அவர் சாயமே பூசவில்லை.

புதுப் பேய் வீடு திறந்த அன்று அந்திவனம் முழுக்க வரிசை. கத்திக்கொண்டு வந்தவர்கள்கூட வாசலில் செருப்பைக் கழற்றியதும் கிசுகிசுத்தார்கள். வெளியே வந்தவர்கள் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

பூங்கா மூடும் நேரம் வந்தது. கடைசி ஆளும் போன பிறகு அப்பா துள்ளிக் குதித்து வந்தார்.

“சுண்டெலி! இன்னிக்கு ஒருத்தர்கூட என்னைப் பார்க்கலை! ஒருத்தர்கூட!”

இவ்வளவு சந்தோஷமாக அவரைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகிறது. அவர் செருப்பை மாட்டிக்கொண்டார். சுவிட்ச் மாமா கையை நீட்டினார். சுவிட்சுக்கு அருகில் போன கை அப்படியே நின்றது.

வாசலில் இன்னும் ஒரு ஜோடி இருந்தது.

சின்னச் செருப்பு. வார் தேய்ந்து, மண் ஒட்டியிருந்தது. ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் கழற்றி வைத்திருந்தது.

ஒலிபெருக்கியில் கேட்டார்கள். யாரும் வரவில்லை. குழந்தையைக் காணோம் என்று யாரும் தேடவும் இல்லை. அப்பா டார்ச்சோடு எல்லா அறைக்கும் போனார், பின்பக்கச் சந்துக்கும் போனார். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பினார்.

“உள்ள யாரும் இல்லை.”

அவர் சொல்லி முடிக்கும் முன் உள்ளேயிருந்து கேட்டது.

க்ரீச்... க்ரீச்...

அப்பா இங்கேதான் நின்றார். சுவிட்ச் மாமா இங்கேதான் நின்றார். மூவரும் ஒருவரையொருவர் எண்ணிப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டார்கள்.

சுண்டெலிக்குக் கழுத்தில் மறுபடி சில்லென்றது. ஆனால் இந்தத் தடவை அவள் ஓடவில்லை. இது நிஜம். வாசற்படியில் குனிந்து, உள்ளே பார்த்து மெதுவாகச் சொன்னாள்.

“பயப்படாதீங்க. நாங்க கிளம்பறோம். நாளைக்கு வருவோம்.”

நாற்காலிச் சத்தம் நின்றது.

அப்பா சுவிட்ச் மாமாவைப் பார்த்தார். “அணைச்சிடலாமா?”

சுவிட்ச் மாமா நீட்டிய கையை இழுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

“எனக்குப் பேயும் தெரியாது, பிசாசும் தெரியாது” என்றார். “வாசல்ல செருப்பு இருக்கு.”

அன்றிலிருந்து, பூங்கா முழுக்க இருண்ட பிறகும், அந்திவனத்தின் நடுவில் ஒரு விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கிறது.